குடலுக்குள் கைகாட்டியை இறக்கும் விஷம்! பெங்களூர் ஆராய்ச்சிக்கூடத்தில் அளந்து கண்ட உண்மை

கோடை முடிந்து மழை தொடங்கிவிட்டால், பெங்களூர் ஆஸ்பத்திரிகளில் குழந்தைகள் பகுதிக்கு வேலை அதிகம். ஸ்ரீராமபுரம், அல்சூர், சிவாஜிநகர் என்று தமிழர்கள் நெருக்கமாக வாழும் இடங்களில் இருந்தும் தாய்மார்கள் கைக்குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஓடி வருவார்கள்.

குழந்தைக்குப் பேதி. கண்கள் குழி விழுந்திருக்கும். நாக்கு வறண்டிருக்கும். அழுதால் கண்ணீர் வராது.

"குடிக்க என்ன கொடுத்தீர்கள்?" என்று டாக்டர் கேட்பார்.

"ஒன்றும் கொடுக்கவில்லை. தண்ணீர் கொடுத்தால் இன்னும் அதிகமாகப் போகும் என்று பாட்டி சொன்னார்கள்" என்று பதில் வரும்.

இந்தப் பதிலைக் கேட்காத குழந்தை டாக்டர் இருக்க முடியாது. பாட்டி பொய் சொல்லவில்லை. கொடுத்த தண்ணீர் அப்படியே வெளியே போவதை அவர் கண்ணால் பார்த்தவர். ஆனால் அவர் எடுத்த முடிவுதான் குழந்தையின் உயிருக்கு உலை வைக்கிறது.

தண்ணீர் ஏன் குடலில் தங்காமல் போகிறது? உடம்பில் எந்தக் கதவு திறந்துகொள்கிறது? எந்தக் கதவு மூடிக்கொள்கிறது? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடியவர்களில் பெங்களூர் விஞ்ஞானிகளும் உண்டு.

கிருமியா, விஷமா?

பேதிக்குக் காரணங்கள் பல. குழந்தைகளை வாட்டும் காரணங்களில் ஒன்று "ஈ.கோலை" என்னும் கிருமி. இந்தக் கிருமி எல்லோருடைய குடலிலும் இருக்கிறது. பெரும்பாலானவை சாதுவானவை. சில வகைகள் மட்டும் விஷம் கக்குபவை. சாக்கடை கலந்த தண்ணீர், ஈ மொய்த்த பண்டம், கழுவாத கை ஆகியவை மூலம் அவை வயிற்றுக்குள் போகின்றன.

கிருமி குடலை அரித்துப் புண்ணாக்குவதால்தான் இப்படித் தண்ணீராகப் போகிறது என்று ஒரு காலத்தில் பல டாக்டர்கள் நினைத்தார்கள். அந்த எண்ணத்தை மாற்றியவர் ஓர் இந்தியர். கல்கத்தாவைச் சேர்ந்த டாக்டர் சம்பு நாத் டே.

அவர் ஒரு முயலின் குடலில் சிறு பகுதியை இரண்டு பக்கமும் நூலால் கட்டினார். அந்த இடத்துக்குள் காலராக் கிருமியை ஊசியால் செலுத்தினார். மறுநாள் பார்த்தால், கட்டிய பகுதி தண்ணீர் நிரம்பிப் பலூன் போல உப்பியிருந்தது! இது 1953-ல் நடந்தது. 1959-ல் அவர் அடுத்த அடி எடுத்து வைத்தார். கிருமியை வளர்த்த நீரை வடிகட்டி, ஒரு கிருமிகூட இல்லாமல் செய்து, அந்த நீரை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடல் உப்பியது.

ஆக, கிருமி அல்ல, அது கக்கும் விஷமே தண்ணீரை வெளியே இழுக்கிறது! பேதி கண்டவர்களிடம் இருந்து எடுத்த ஈ.கோலை கிருமிகளில் சிலவும் இதே வேலையைச் செய்வதை அவர் 1956-லேயே காட்டியிருந்தார். டாக்டர் டே 1985-ல் காலமானார்.

ஈ.கோலை கக்கும் விஷங்களில் ஒன்று மிகவும் பொல்லாதது. மற்ற பல விஷங்கள் கொதிக்க வைத்தால் கெட்டுவிடும். இது கொதித்தாலும் கெடாது. உருவத்திலோ மிகச் சிறியது. 18 அல்லது 19 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு துண்டு மாலை, அவ்வளவுதான். மாலையை மூன்று இடங்களில் முடிச்சுப் போட்டு இறுக்கியிருப்பதால்தான் வெந்நீரிலும் பிரிவதில்லை.

(அதற்காகத் தண்ணீரைக் காய்ச்சுவது வீண் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. காய்ச்சினால் கிருமி செத்துவிடும். செத்த கிருமி குடலில் போய் விஷம் தயாரிக்க முடியாது.)

லீவரும் கைகாட்டியும்

இந்த விஷம் குடலைத் துளைப்பதில்லை. செல்லுக்குள் நுழைய வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை. பிறகு எப்படி இவ்வளவு நாசம்?

பழைய ரெயில் நிலையங்களைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கேபினில் இருப்பவர் லீவரை இழுப்பார். கம்பி ஓடும். தூரத்தில் கைகாட்டி இறங்கும். லீவரை இழுத்தவர் கைகாட்டியைத் தொடுவதே இல்லை.

நம் உடம்பின் செல்களிலும் இப்படி லீவர்கள் இருக்கின்றன. செல்லின் சுவரில் பதிந்து, தலை வெளியேயும் கால் உள்ளேயும் இருக்கும் புரதம் அது. வெளியே குறிப்பிட்ட ஒரு பொருள் வந்து ஒட்டினால், உள்ளே குறிப்பிட்ட ஒரு வேலை தொடங்கும். இதை "ரிசெப்டார்" என்கிறார்கள். தமிழில் "ஏற்பி" என்று சொல்வார்கள்.

இப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று 1905-லேயே சொன்னவர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் லாங்லி. புகையிலையில் உள்ள நிகோடின் தசையைச் சுருங்க வைத்தது. அம்பு முனையில் தடவும் குராரி விஷம் அதைத் தடுத்தது. இரண்டும் தசையில் உள்ள ஏதோ ஒரு பொருளுக்காகப் போட்டி போடுகின்றன என்று அவர் கூறினார். கண்ணால் பார்க்காமலே சொன்ன சொல் அது. பிற்காலத்தில் உண்மையாயிற்று.

ஈ.கோலை விஷம் இழுக்கும் லீவருக்கு "குவானைலில் சைக்ளேஸ்-சி" என்று பெயர். விஷம் வெளியே ஒட்டியதும் இதன் உள்பக்கம் "சைக்ளிக் ஜி.எம்.பி." என்ற சிறு பொருளைத் தயாரிக்கத் தொடங்கும். இந்த விஷம் சைக்ளிக் ஜி.எம்.பி.யை ஏற்றியே வேலை செய்கிறது என்பது 1978-ல் தெரிந்தது. ஏற்பியின் மரபணுவை அமெரிக்க விஞ்ஞானிகள் 1990-ல் பிரித்து எடுத்தார்கள்.

சைக்ளிக் ஜி.எம்.பி. பெருகினால் என்ன ஆகும்? குடல் செல்லில் உப்பை வெளியே விடும் வாசல் திறக்கும். உப்பை உள்ளே வாங்கும் ஒரு வாசல் மூடும். உப்பு போகும் இடத்துக்குத் தண்ணீரும் போகும். அதுவே பேதி!

டாடா இன்ஸ்டிடியூட்டில் நடந்த ஆராய்ச்சி

யஷ்வந்தபுரத்துக்கும் மல்லேஸ்வரத்துக்கும் பக்கத்தில், மரங்கள் அடர்ந்த பெரிய வளாகத்தில் இருக்கிறது இந்திய விஞ்ஞானக் கழகம். 1909-ல் ஏற்பட்டது. "டாடா இன்ஸ்டிடியூட்" என்றால்தான் ஆட்டோக்காரர்களுக்கும் பழைய ஊர்க்காரர்களுக்கும் தெரியும். அங்கே பேராசிரியை சந்தியா விஸ்வேஸ்வரையாவும் அவரது மாணவர்களும் இந்த ஏற்பியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள்.

ஏற்பி கண்ணுக்குத் தெரியாது. விஷமும் தெரியாது. பிறகு எதை வைத்து ஆராய்வது?

முதலில் குடல் செல் வேண்டும். அதற்காக உலகம் முழுவதும் ஆராய்ச்சிக்கூடங்களில் "டி-84" என்ற செல்லை வளர்க்கிறார்கள். இது மனிதரின் பெருங்குடல் புற்றுநோயில் இருந்து வந்த செல் வகை. தட்டையான பிளாஸ்டிக் கிண்ணங்களில், உடம்பின் சூடான 37 டிகிரியில், சத்துநீர் ஊற்றி வளர்ப்பார்கள். சாவில்லாமல் பெருகிக்கொண்டே இருக்கும். இதன் மேல் அந்த ஏற்பிகள் நிறைய உண்டு. எனவே முயலைக் கட்டிப்போட்டுக் குடலை அறுக்காமலே, கிண்ணத்தில் பரிசோதனை செய்யலாம்.

அடுத்து இரண்டு கேள்விகள். விஷம் ஏற்பியில் ஒட்டுகிறதா? ஒட்டிய பின் லீவர் இழுபடுகிறதா? இரண்டும் ஒன்று போலத் தோன்றும். ஒன்றல்ல! இரண்டுக்கும் தனித்தனி அளவை முறை உண்டு.

ஒட்டியதை எண்ணும் முறை

விஷத்தின் ஒரு துணுக்கில் கதிரியக்க அயோடினைப் பொருத்துவார்கள். அயோடின்-125 என்று பெயர். சுமார் 60 நாளில் இதன் வீரியம் பாதியாகக் குறையும். இப்போது விஷத்துக்கு முத்திரை குத்தியாயிற்று. அதை செல்களோடு சேர்த்து வைத்து, பிறகு கழுவுவார்கள். ஒட்டாதது நீரோடு போய்விடும். ஒட்டியது தங்கும். தங்கிய கதிரியக்கத்தை இயந்திரம் எண்ணிச் சொல்லும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சில துணுக்குகள் ஏற்பியில் ஒட்டாமல், கிண்ணத்திலும் செல்லின் கொழுப்பிலும் சும்மா ஒட்டிக்கொள்ளும். அதை எப்படிக் கழிப்பது?

இன்னொரு கிண்ணத்தில் முத்திரை இல்லாத விஷத்தை ஏராளமாகக் கொட்டுவார்கள். பஸ்ஸில் இருக்கைகள் எல்லாம் நிரம்பியது போல, ஏற்பிகள் எல்லாம் அதனால் நிரம்பிவிடும். அதன் பிறகும் முத்திரை விஷம் எவ்வளவு தங்குகிறதோ, அது இருக்கை இல்லாமல் படியில் தொங்கும் கூட்டம். முதல் எண்ணிக்கையில் இருந்து அதைக் கழித்தால், உண்மையில் ஏற்பியில் அமர்ந்தது எவ்வளவு என்ற கணக்கு கிடைக்கும்.

இந்த முறையால் ஒரு முக்கியமான செய்தி 1980களில் அமெரிக்காவில் வெளிப்பட்டது. கைக்குழந்தைகளின் குடலில் இந்த ஏற்பிகள் அதிகம். வயது ஏற ஏற அவை குறைகின்றன. ஒரே தண்ணீரைக் குடித்த வீட்டில் குழந்தை மட்டும் ஏன் அதிகமாகத் துவண்டு போகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இழுத்ததை அளக்கும் முறை

லீவர் இழுபட்டதா என்று அறிய, செல்லுக்குள் சைக்ளிக் ஜி.எம்.பி. எவ்வளவு உண்டாயிற்று என்று அளக்க வேண்டும். விஷத்தைச் சேர்த்துச் சில நிமிடங்கள் வைத்து, அமிலம் ஊற்றி செல்லின் வேலையை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள். பிறகு அதில் உள்ள சைக்ளிக் ஜி.எம்.பி.யை, அதை மட்டும் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்புப் புரதத்தைக் கொண்டு அளப்பார்கள். மிகமிகச் சிறிய அளவையும் இந்த முறை காட்டிவிடும். இப்படி எதிர்ப்புப் புரதத்தால் அளக்கும் வழியை உருவாக்கியதற்காக அமெரிக்கப் பெண் விஞ்ஞானி ரோசலின் யாலோவுக்கு 1977-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இங்கேயும் ஒரு சிக்கல். செல்லுக்குள் சைக்ளிக் ஜி.எம்.பி.யைத் தின்று தீர்க்கும் நொதி ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் தயாரிப்பு, மறு பக்கம் அழிப்பு. மிச்சத்தை மட்டும் பார்த்தால் கணக்கு தவறும். குழாயைத் திறந்துவிட்டு, ஓட்டை வாளியில் தண்ணீர் பிடித்து அளப்பது போன்றது அது. ஆகவே அந்த நொதியைக் கட்டிப்போட ஒரு மருந்தைச் சேர்க்கிறார்கள். அந்த மருந்து நாம் குடிக்கும் காப்பியில் உள்ள காபீனுக்கு உறவுக்காரன்!

இந்த இரண்டு வழிகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பெங்களூரில் ஒரு கண்டுபிடிப்பு நடந்தது. டி-84 செல்களை விஷத்தில் பல மணி நேரம் ஊறவிட்டார்கள். பிறகு மறுபடியும் விஷம் கொடுத்தார்கள். இரண்டாம் தடவை செல் முன்போலத் துள்ளவில்லை. சோர்ந்துவிட்டது. ஏன்?

1997-ல் வெளியான அவர்களது கட்டுரை இரண்டு காரணங்களைச் சொன்னது. ஒன்று, ஏற்பியே தளர்ந்துவிடுகிறது. இரண்டு, தின்று தீர்க்கும் நொதியின் வேலை கூடிவிடுகிறது. அதாவது ஓயாமல் அடிக்கும் மணிக்கு எதிராக செல் தன்னைத் தானே காத்துக்கொள்ளப் பார்க்கிறது. நொதியைக் கட்டியும் கட்டாமலும் அளந்ததால்தான் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடிந்தது.

ஒட்டினால் போதுமா?

ஒட்டுவது வேறு, இழுப்பது வேறு என்றோம். இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. மருந்துக் கடையில் தினமும் விற்பனையாகும் விஷயம்.

ஒரு பொருள் ஏற்பியில் உட்கார்ந்துகொண்டு, லீவரை இழுக்காமல் சும்மா இருந்தால் என்ன ஆகும்? இழுக்க வருகிறவனுக்கு இடம் இருக்காது. அதுவும் ஒரு மருந்து! இருதயத்தைப் படபடக்க வைக்கும் அட்ரினலினுக்கு இடம் கொடுக்காமல் உட்கார்ந்துகொள்ளும் புரோப்ரனலால் மருந்து அப்படிப் பிறந்ததே. அதைக் கண்ட பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக் 1988-ல் நோபல் பரிசு பெற்றார். ரத்த அழுத்தத்துக்காகப் பலர் சாப்பிடும் அடினலால் மாத்திரையும் இந்த வம்சம்தான்.

பூட்டு யாருடையது?

இன்னொரு கேள்வி எழுகிறது. கிருமியின் விஷத்துக்காக உடம்பு ஏன் ஒரு லீவரைச் செய்து வைத்திருக்க வேண்டும்? எதிரிக்கு யாராவது சாவி செய்து கொடுப்பார்களா?

விடை 1992-ல் கிடைத்தது. அமெரிக்க விஞ்ஞானிகள் எலியின் குடல் சாற்றை டி-84 செல்களில் இட்டு, சைக்ளிக் ஜி.எம்.பி. ஏறுகிறதா என்று பார்த்தார்கள். ஏறியது! சாற்றில் இருந்து 15 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பொருளைப் பிரித்தார்கள். "குவானைலின்" என்று பெயர் வைத்தார்கள். குடல் காய்ந்து போகாமல் ஈரத்தைச் சரியாக வைத்துக்கொள்ள உடம்பு தானே செய்துகொள்ளும் சாவி அது. ஈ.கோலை அதைக் காப்பியடித்துக் கள்ளச்சாவி செய்துவிட்டது. அசல் சாவி மெல்லத் திறக்கிறது. கள்ளச்சாவி முழு வேகத்தில் திறந்துவிடுகிறது.

அந்தக் கள்ளச்சாவியையும் மனிதன் விடவில்லை. அதன் மாதிரியில் செய்த "லினாக்ளோடைட்" என்ற மருந்துக்கு 2012-ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. எதற்கு மருந்து தெரியுமா? மலச்சிக்கலுக்கு!

பிறந்த நாள் முதல் திறந்த கதவு

அதே 2012-ல் நார்வே நாட்டில் இருந்து ஒரு செய்தி வந்தது. ஒரே குடும்பத்தில் 32 பேருக்குச் சிறு வயதில் இருந்தே பேதித் தொல்லை. கிருமி எதுவும் இல்லை. அவர்களுடைய ஏற்பியின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அதனால் லீவர் லேசாகத் தொட்டாலே மிகுதியாக இழுபட்டது.

இதைவிடக் கொடுமை, பிறந்ததில் இருந்தே ஓயாத பேதியுடன் இருந்த 4 குழந்தைகளின் கதை. ஆஸ்திரிய டாக்டர்கள் அவர்களது மரபணுவை ஆராய்ந்து, இதே ஏற்பியில் மாறுதல்களைக் கண்டார்கள். ஆனால் மாறுதல் இருப்பது மட்டும் குற்றத்துக்குச் சாட்சி ஆகிவிடாது. அது உண்மையில் லீவரை இழுக்கிறதா என்று யாராவது அளந்து காட்ட வேண்டும்.

அந்த ஆராய்ச்சியில் பெங்களூர் கூடமும் சேர்ந்தது. மாறுதல் உள்ள மரபணுவை, அந்த ஏற்பி வேலை செய்யாத வேறு வகை செல்லில் செலுத்தி வளர்த்து, சைக்ளிக் ஜி.எம்.பி.யை அளந்தார்கள். விஷம் இல்லை. அசல் சாவியும் இல்லை. அப்படியிருந்தும் அளவு ஏறியிருந்தது! யாரும் தொடாமலே கைகாட்டி இறங்கியே இருந்தது. இந்த முடிவு 2016-ல் வெளியாயிற்று. எங்கோ பிறந்த குழந்தைகளின் நோய்க்கு, தாய் கொடுத்த உணவோ வீட்டுத் தண்ணீரோ காரணம் அல்ல என்று இந்த அளவுகள் நிரூபித்தன.

மூடாத ஒரு வாசல்

இனி மீண்டும் பாட்டியிடம் வருவோம்.

விஷம் உப்பு வாங்கும் வாசல் ஒன்றை மூடிவிடுகிறது என்று பார்த்தோம். வெறும் தண்ணீர் கொடுத்தால் சரியாக உள்ளே போகாது. பாட்டி பார்த்தது இதைத்தான். ஆனால் குடலில் இன்னொரு வாசல் இருக்கிறது. அது சர்க்கரையையும் உப்பையும் ஜோடியாகச் சேர்த்தால்தான் உள்ளே விடும். இந்த வாசலை விஷத்தால் மூட முடிவதில்லை! உப்பும் சர்க்கரையும் உள்ளே போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும்.

1971-ல் வங்காளதேச அகதிகள் முகாம் ஒன்றில் காலரா பரவியது. மேற்கு வங்காளத்தில் உள்ள பன்காவ் என்ற ஊர். ஊசி வழியாக ஏற்றும் குளுக்கோஸ் தீர்ந்துவிட்டது. டாக்டர் திலீப் மகாலனபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை டிரம்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களிடமே கொடுத்து ஊட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது என்று இருந்த சாவு, நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கியது. அவர் 2022-ல் காலமானார். மறு ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

இன்று மருந்துக் கடையில் "ஓ.ஆர்.எஸ்." என்ற பெயரில் கிடைக்கும் பொட்டலம் அதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் ஒரு பொட்டலத்தில் 20.5 கிராம் தூள் இருக்கும். காய்ச்சி ஆற வைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். சிறிய பொட்டலமானால் அதன் மேல் போட்டிருக்கும் அளவு தண்ணீரே சரி. பொட்டலம் இல்லாத நேரத்தில், ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பு. அளவு முக்கியம். உப்பு கூடினால் ஆபத்து. சர்க்கரை கூடினால் பேதி கூடும். கலர் சோடாவும் பாட்டில் பானமும் இதற்கு ஈடாகாது.

குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. டாக்டர் சொல்லும் துத்தநாக மருந்தை, பேதி நின்றாலும் 10 முதல் 14 நாள் வரை விடாமல் கொடுக்க வேண்டும். குழந்தை துவண்டு கிடந்தாலோ, குடிக்க மறுத்தாலோ, மலத்தில் ரத்தம் இருந்தாலோ, பல மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

கல்கத்தாவில் ஒரு முயல் குடலில் தொடங்கி, யஷ்வந்தபுரம் பக்கத்துப் பிளாஸ்டிக் கிண்ணம் வரை வந்த ஆராய்ச்சி இது. எத்தனையோ பேர் எத்தனையோ ஆண்டுகள் அளந்து கண்டதை, ஒரு தாய் தன் வீட்டுச் சமையலறையில் ஒரு சொம்புத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்துவிடலாம்.

பாட்டி சொன்னதை முழுக்கத் தள்ள வேண்டியதில்லை. வெறும் தண்ணீர் மட்டும் போதாது, அது உண்மை. அதற்காகத் தண்ணீரையே நிறுத்தக் கூடாது. உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுக்க வேண்டும். பாட்டிக்கும் அதைப் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.